பெட்ரோல் ஃபில்டரை வீட்டிலேயே பாதுகாப்பாக மாற்றுவது எப்படி?

கேள்வி: நொய்யல்கரை

வணக்கம். எங்கள் வீட்டில் 2003ஆம் ஆண்டில் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை), இதுவரை 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சமவெளியில் எந்தக் குறையும் சொல்ல முடியாத இந்தக் கார், சென்ற மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறியபோது, கல்லாறைத் தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில், எவ்வளவு மிதித்தாலும் இழுவையில்லாமல் திணறியது. ஸ்பார்க் பிளக்குகளும் ஏர் ஃபில்டரும் புதியவை. பெட்ரோல் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பதற்கு எந்த ரசீதும் இல்லை. காரின் அடியில், டேங்குக்கு முன்பாக, துருவேறிய உலோக உருளையாக அது தெரிகிறது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்றவற்றை நானே செய்து பழகியிருக்கிறேன். பெட்ரோல் என்பதால்தான் தயக்கம். வீட்டோடு ஒட்டிய, மூன்று பக்கமும் சுவருள்ள ஷெட்டில் இதைச் செய்யலாமா? எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

மறுமொழி: பட்டறை வாசல்

நண்பரே, ஷெட்டில் செய்ய வேண்டாம். இந்த வேலையில் ஸ்பேனர் பிடிக்கும் பகுதி அரை மணி நேரம்தான். ஆபத்து முழுவதும் அதற்கு முன்பு நாம் எதைச் செய்தோம், எங்கே செய்தோம் என்பதில்தான் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு படிந்து, சரிவான பக்கம் ஊர்ந்து, சில அடி தள்ளியிருக்கும் நெருப்பைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியைத் தரும் பொருளுக்கு நம் ஊர் வெயில் எம்மாத்திரம்? எனவே காரைத் திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்துங்கள். அருகில் கொசுவத்தி, விளக்கு, காஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர் எதுவும் இருக்கக் கூடாது. மோட்டார் சுவிட்சில் எழும் சிறு பொறியே போதுமானது என்பதால், வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து எரியும் என்பதால் வாளித் தண்ணீர் தீயைப் பரப்பவே செய்யும்.

அடுத்தது அழுத்தம். உங்கள் எஞ்சினைப் போன்றவற்றில் ஃபில்டரிலிருந்து முன்னால் போகும் குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு) இருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது நெடுநேரம் அப்படியே நிற்கும். அதை இறக்காமல் குழாயைக் கழற்றினால், மல்லாந்து படுத்திருப்பவரின் முகத்தில்தான் பெட்ரோல் பீய்ச்சும். முதலில் டேங்க் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு (எது என்பது ஃபியூஸ் பெட்டி மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்) எஞ்சினை இயக்குங்கள். குழாயில் எஞ்சியிருப்பதைக் குடித்துவிட்டு அது தானாக அணைந்துவிடும். மேலும் இரண்டு மூன்று முறை சில நொடிகள் கிராங்க் செய்த பிறகு (அதாவது சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டாரால் எஞ்சினைச் சுழலவிட்ட பிறகு) சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரியைக் கடைசியாகக் கழற்றுவதற்குக் காரணம், கிராங்க் செய்ய அது தேவை என்பதே.

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டில் ஏற்றி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் அணியுங்கள். வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு வேண்டாம். அது தவறி விழுந்து உடைந்தால் அதன் சூடான இழையே பற்றவைத்துவிடும். மூடிய எல்.இ.டி. டார்ச் போதும்.

அழுத்தம் இறங்கிய பிறகும் இணைப்பின் மீது தடித்த துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே தளர்த்துங்கள். இணைப்பு, ஸ்பேனரால் திருகிக் கழற்றும் யூனியன் போல்ட்டாக இருந்தால் ஃபில்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்து, மற்றொன்றால் திருப்புங்கள். இல்லையென்றால் துருப்பிடித்த உலோகக் குழாயே முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும். அதன் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். புதிய ஃபில்டரின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு பேட்டரியையும் ஃபியூஸையும் மாட்டி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடிகள் ஓடி நிற்கும். இப்படி நான்கைந்து முறை செய்தால் குழாயில் அழுத்தம் ஏறும். உலர்ந்த வெள்ளைத் தாளால் இரண்டு இணைப்புகளையும் துடைத்துப் பாருங்கள். துளி ஈரம் பட்டாலும் எஞ்சினை இயக்கக் கூடாது.

மறுமொழி: சக்கர முட்டு

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் ஃபில்டர் டேங்குக்கு அருகில், தாழ்வாக இருப்பதால், பம்ப் ஓடாவிட்டாலும் டேங்கிலுள்ள பெட்ரோல் தானாகவே வழிந்துகொண்டிருக்கும். முழு டேங்கோடு இந்த வேலையைத் தொடங்கி, கை வலிக்கும்வரை விரலால் குழாயை அடைத்துக்கொண்டு படுத்திருந்த அனுபவம் எனக்குண்டு. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும் நாளில் செய்யுங்கள். குழாயின் வாயில் செருகுவதற்குச் சரியான அளவில் சுத்தமான போல்ட் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

ரப்பர் குழாய்களையும் வளைத்துப் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்; 2003ஆம் ஆண்டுக் காரின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. வளைக்கும்போது வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய வகை வண்டிக்கான சாதாரணக் குழாய் இந்த அழுத்தத்தைத் தாங்காது; ‘எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9’ என்ற குறி பொறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி: மலைப்பாதை டீசல்

டீசல் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். டீசல் எளிதில் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் காமன் ரயில் எஞ்சின்களில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயரழுத்தத்தில் டீசல் போகும் வகை) ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஃபில்டரை மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற, பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் கிராங்க் செய்யும் வழக்கம் இருந்தது. காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. ஓடும்போது அதற்குள் 1,600 பார் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். ஊசி முனையளவுக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே கொசுக் கடித்ததைப் போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். ஃபில்டருக்கு அருகிலுள்ள கைப்பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்துவதே போதுமானது.

கேட்டவரின் பதில்: நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்பாக, வீட்டுக்கு எதிரிலுள்ள காலி மனையில் நிறுத்தி மாற்றிவிட்டேன். பழைய ஃபில்டரின் உள்வாய்ப் பக்கத்திலிருந்து ஊற்றியபோது பெட்ரோல் காப்பி நிறத்தில், துருத்தூளோடு வந்தது. ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்ததால் அதையும் மாற்றினேன். முதல் சோதனையில் வெள்ளைத் தாளில் ஈரம் பட்டது. ஒரு கிளிப் குழாயின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. மறுபடியும் அழுத்தத்தை இறக்கி, கிளிப்பை உள்ளே தள்ளி இறுக்கிய பிறகு தாள் உலர்ந்தே இருந்தது. வடித்த அரை லிட்டர் பெட்ரோலை என்ன செய்வது?

மறுமொழி: பட்டறை வாசல்

துருத்தூள் வந்திருப்பதால் டேங்குக்குள்ளும் துரு இருக்கக்கூடும். பம்பின் சல்லடையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆவி குழாய் வழியே அடுத்த வீட்டுக்கும் போகும். மூடியுள்ள உலோகக் கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியில் விரித்து, முழுவதும் உலர்ந்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.