கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேட உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். என் கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவையும், உள்ளூர் நாளிதழில் வந்திருக்கக்கூடிய இரங்கல் அறிவிப்பையும் பல மாதங்களாகத் தேடி வருகிறேன். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தின் இலவசத் தொகுப்பில் அவர் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் தேடியும் பலனில்லை. இறந்த ஆண்டும் உறுதியாகத் தெரியாததால், ஊகித்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டுகளைப் பார்த்து வருகிறேன். இறப்புச் சான்றிதழில் வயதும் பெற்றோர் பெயரும் தகவல் தந்தவரின் நினைவைப் பொறுத்தவை என்பதால், அவற்றை முழுமையாக நம்ப இயலாது. இரங்கல் அறிவிப்பிலோ, மணமாகிச் சென்ற மகள்களின் பெயர்கள்கூட இருக்கலாம். எனக்கு முக்கியமாக வேண்டியவை அவையே. நூலகங்களின் பழைய நாளிதழ்களைப் படமெடுத்து வைத்துள்ள நுண்படச் சுருள்களிலும் கல்லறைப் பதிவேடுகளிலும் தேடிய அனுபவமுள்ளவர்கள், எதிலிருந்து தொடங்குவது நல்லது என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.