பெட்ரோல் ஃபில்டர் ஹோஸ் இணைப்பில் கசிவு: இன்னும் இறுக்கலாமா?

கேள்வி:
இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார். ஃபில்டர் மாத்தினப்போ பழைய ஹோஸுக்குப் பதிலா அலுமினிய ஏஎன்-6 (கூம்பு முனையும் நட்டும் வெச்ச ஒரு இணைப்பு வகை) பிட்டிங் போட்ட ஹோஸ் மாட்டியிருக்கு. ஃபில்டர்ல அடாப்டர், அடாப்டர்ல ஹோஸ் முனை. அவுட்லெட் பக்கம் கசியுது. சொட்டு விழல, ஆனா துடைச்சா கொஞ்ச நேரத்துல மறுபடி ஈரம். ரெண்டு தடவை இறுக்கியாச்சு, டெஃப்லான் டேப் சுத்தியும் பார்த்தாச்சு. டார்க் (இறுக்குற விசை) எவ்வளவு வைக்கணும்?

பதில் 1:
இறுக்கறதை நிறுத்துங்க, சரியாகிற வரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க. இந்த லைன்ல சாதாரணமா 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். இன்னிக்கு ஈரமா இருக்கிறது நாளைக்குப் பீச்சி அடிக்கும்.

டேப்பை முழுசா உரிச்சு எடுங்க. ஏஎன் மரை நேர் மரை, முனைக்குப் போகப் போகக் குறுகாது. அதோட வேலை ரெண்டு கூம்பையும் சேர்த்துப் பிடிக்கிறது மட்டும்தான், பெட்ரோலை அடைக்கிறது உள்ளே இருக்கிற 37 டிகிரி கூம்பு. கூம்பு சரியா உட்காரலைன்னா மரையில எதைச் சுத்தினாலும் பெட்ரோல் வழி கண்டுபிடிச்சுடும். நீங்க சுத்தினது ஃபில்டருக்கு அப்புறம் வர்ற இணைப்பு. அங்கே பிஞ்ச நூல் தடுப்பே இல்லாம நேரா இன்ஜெக்டருக்குப் போகும்.

பதில் 2:
கசியறது எந்த இணைப்புன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. உங்க அடாப்டருக்கு ரெண்டு முனை: ஹோஸ் பக்கம் கூம்பு, ஃபில்டர் பக்கம் அனேகமா ஓ-ரிங்னு சொல்ற ரப்பர் வளையம் (இந்த வகை முனைக்குப் பேர் ஓஆர்பி-6). ரெண்டுக்கும் மரை ஒண்ணுதான், 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. அதனால தப்பான முனை கூட கையாலேயே சுகமா ஏறும்! ஓ-ரிங் கேட்கிற துளையில கூம்பு முனையை முடுக்கிட்டா உள்ளே அடைக்க ஒண்ணுமே இல்லை. ஓ-ரிங் போட மறந்தாலும் இதே கதிதான்.

ரெண்டு இணைப்பையும் துடைச்சு உலர்த்தி, மேல லேசா டால்கம் பவுடர் தூவுங்க. சாவியை ஆன் பண்ணி (ஸ்டார்ட் வேண்டாம்) சில நொடி விட்டு ஆஃப் பண்ணுங்க. ஒவ்வொரு ஆனுக்கும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி லைன்ல அழுத்தம் ஏத்தும். மூணு நாலு தடவை போதும். பவுடர் முதல்ல நனையற இடம்தான் குற்றவாளி.

கேள்வி கேட்டவர்:
ஹோஸ் நட்டுக்குப் பின்னாடிதான் முதல்ல நனையுது. ஃபில்டர் பக்கம் ஓ-ரிங் இருக்கு, காய்ஞ்சுதான் கிடக்கு. கழட்டிப் பார்க்கலாமா?

பதில் 1:
அப்போ கூம்புதான். கழட்டறதுக்கு முன்னாடி அழுத்தத்தை இறக்கணும்: பம்ப் ஃபியூஸை உருவி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அதுவா நிக்கிற வரை விட்டு, இன்னொரு தடவை கிராங்க் பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. இன்ஜின் ஆறட்டும். இணைப்பைச் சுத்தித் துணி வெச்சு மெதுவா இளக்குங்க, மிச்சம் கொஞ்சம் வரத்தான் செய்யும். தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், பக்கத்துல பல்பு, சிகரெட், கிரைண்டர் எதுவும் கூடாது.

கழட்டினதும் அடாப்டர் கூம்பை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. நல்ல கூம்புல சுத்திலும் அறுபடாத ஒரு பளபளப்பு வளையம் தெரியும். வளையம் ஒரு பக்கம் அகலமா, எதிர்ப்பக்கம் மங்கலா இருந்தா ஹோஸ் கோணலா இழுக்குதுன்னு அர்த்தம். நெடுக்குவாக்குல கீறல் நகத்துல தட்டினா அடாப்டரை மாத்துங்க. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம், கோணம் போயிடும்.

கேள்வி கேட்டவர்:
வளையம் இருக்கு, ஆனா ஒரு இடத்துல அறுந்திருக்கு. அங்கே மெல்லிசா ஒரு கீறல். அடாப்டரை மாத்திடறேன். புதுசை எப்படி இறுக்கணும்?

பதில் 2:
ஸ்பேனர்ல இருந்து ஆரம்பிப்போம். ஏஎன்-6 நட்டுக்கு 11/16 அங்குலம். 17 மி.மீ. ஏறாது, 18 மி.மீ. லூஸா ஏறி அலுமினிய முனைகளை உருட்டிடும். ஃபில்டர் பக்கத்துக்குப் புது ஓ-ரிங், வைட்டான் (பெட்ரோலைத் தாங்குற ரப்பர்) ரகம்.

மரையிலயும் ஓ-ரிங்லயும் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவுங்க. காய்ஞ்ச அலுமினியத்தை அலுமினியத்துல முடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிழியும், பாதி இறுக்கத்துலேயே முழுசா இறுகின மாதிரி தோணும். நட்டை முதல்ல பின்பக்கமா சுத்துங்க. 'டக்'னு ஒரு சின்ன இறக்கம் தெரியும், அங்கிருந்து முன்னால திருப்பினா மரை பிசகாது. ஹோஸ் எந்த முறுக்கும் இல்லாம தானா நிக்கிற நிலையில, நட் கடைசி வரைக்கும் விரலாலேயே ஓடணும்.

அப்புறம் நட்டும் அடாப்டரும் சேர்ற இடத்துல மார்க்கரால ஒரு கோடு போடுங்க. அடாப்டரை ஒரு ஸ்பேனர்ல அசையாம பிடிச்சு, நட்டை இன்னொண்ணால ஒரு முகம் திருப்புங்க. ஆறு முக நட், ஒரு முகம்னா 60 டிகிரி. இதுக்கு மேல அதிகபட்சம் இன்னொரு அரை முகம். பிடிக்கிற ஸ்பேனர் இல்லாம திருப்பினா அடாப்டரும் கூடவே சுத்தி ஓ-ரிங்கை அரைச்சுடும், இல்லைன்னா ஹோஸ் முறுக்கிக்கும்.

டார்க் எண் கேட்டீங்க. பிட்டிங் தயாரிச்சவங்க தாள்ல இருந்தா அதையே வையுங்க, ஆயில் தடவினதுக்கான எண்ணா, காய்ஞ்சதுக்கானதான்னு மட்டும் பார்த்துக்கோங்க. ஸ்டீல் பிட்டிங்குக்குப் போட்ட எண்ணை அலுமினியத்துல வெச்சா கூம்பு நசுங்கும்.

பதில் 3:
ஒரு சின்னச் சேர்ப்பு. வேற இடத்துல பேஞ்சோ போல்ட் (உள்ளே துளை வழியா பெட்ரோல் போற போல்ட்) இருந்தா இந்த முகக்கணக்கு பொருந்தாது. அதுக்கு ரெண்டு பக்கமும் புது வாஷர், வண்டி மேனுவல்ல இருக்கிற டார்க். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளே பீச்சுற) வண்டின்னா, இதெல்லாம் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு மட்டும்தான். ஹை-பிரஷர் பம்புக்கு அப்புறம் இருக்கிற ஸ்டீல் பைப்புல 100 பாருக்கு மேல ஓடும், அதை இந்த முறையில தொடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
மாட்டியாச்சு, ஒரு முகம் போதுமா இருந்தது. பவுடர் காய்ஞ்சே இருக்கு.

பதில் 1:
நல்லது. வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, லைன்ல ஏறின அழுத்தத்தை மறுபடி இறக்கிட்டு, ஹோஸோட ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிச்சுக் கொடுக்கிற குழாய்) பக்க முனையையும் கழட்டி, உள்ளே டேப் நூல் நிக்குதான்னு பார்த்து, காத்து அடிச்சு ஊதிடுங்க. அந்த இணைப்பையும் இதே மாதிரிதான் மாட்டணும். ஓடின பிறகு இன்ஜின் சூடா ஒரு தடவை, முழுசா ஆறினப்புறம் ஒரு தடவை டிஷ்யூ பேப்பரை நட்டைச் சுத்தி ஒத்திப் பாருங்க. அலுமினியம் ஆறிச் சுருங்கும்போதுதான் சில கசிவு தலைகாட்டும்.