காண்டம் கதீட்டர் நிற்கவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

செந்தூல் மகன்: வணக்கம். அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இரவில் காண்டம் கதீட்டர் (ஆணுறுப்பில் உறைபோல மாட்டி, சிறுநீரைக் குழாய் வழியே பேக்கில் சேர்ப்பது) மாட்டினால் விடிவதற்குள் கழன்று மெத்தையெல்லாம் நனைகிறது. அவசரம், என்ன செய்யலாம்?

பாயான் பாரு அக்கா: தம்பி, என்ன சைஸ்? பசை உள்ளேயே இருக்கும் வகையா, தனிப் பட்டை ஒட்டும் வகையா? லேட்டக்சா, சிலிக்கானா? பேக்கை எங்கே தொங்க விடுகிறீர்கள்?

பிரிக்பீல்ட்ஸ் வாசி: சைஸ்தான், சந்தேகமே வேண்டாம். பெரியதாக இருக்கும்.

பழைய உறுப்பினர்: இதற்கு எத்தனையோ தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கவும் பொறுமை இல்லை, கேட்கவும் தெரியவில்லை. தோல் ஈரமாக இருந்தால் எந்த சைஸும் நிற்காது. நன்றாகத் துடைத்துக் காயவிட்டு மாட்டி, 10-15 விநாடி உள்ளங்கையால் மெதுவாகப் பிடித்திருக்க வேண்டும். உடம்புச் சூட்டில்தான் பசை பிடிக்கும். அரிச்சுவடி இது.

செந்தூல் மகன்: பெட்டியில் 36 என்று போட்டிருக்கிறது. பசை உள்ளேயே இருக்கும் வகை. குளிப்பாட்டியதும் பவுடர் போடுவோம். இப்போது மேலே பிளாஸ்டர் சுற்றியிருக்கிறேன்.

பாயான் பாரு அக்கா: பிளாஸ்டரை உடனே எடுங்கள் தம்பி, மீதியை அப்புறம் படிக்கலாம். அது விரிந்து கொடுக்காது. உறுப்பு கொஞ்சம் வீங்கினாலும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். பக்கவாதக்காரருக்கு வலி தெரியாமலும் போகலாம். எடுத்துவிட்டு நிறம் மாறியிருக்கிறதா, வீக்கம் உண்டா என்று பாருங்கள். பவுடர், எண்ணெய், லோஷன் எதுவும் வேண்டாம், பசை ஒட்டாது. கம்பெனி தரும் அளவுத் தாளால் தண்டின் நடுவில் அளந்து சைஸ் எடுங்கள். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால் பழையபடி முன்னால் கொண்டுவந்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நுனியில் 1-2 செ.மீ. இடம் விடுங்கள். அங்கே முறுக்கிக்கொண்டால் சிறுநீர் பின்வாங்கிப் பசையைக் கிளப்பிவிடும்.

கிள்ளான் தம்பி: முடியை ஷேவ் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

பழைய உறுப்பினர்: ஷேவ் கூடவே கூடாது. கீறல் விழும், அதில் கிருமி புகும். கத்தரித்தால் போதும். தெரியாததை எழுதாதீர்கள்.

கிள்ளான் தம்பி: எங்கள் தாத்தாவுக்கு அப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை. சரி, இவ்வளவு பாடு எதற்கு? டயப்பர் போதாதா?

பிரிக்பீல்ட்ஸ் வாசி: டயப்பர் ஈரத்திலேயே கிடந்தால் தோல் ஊறி, பிட்டத்தில் புண் வரும். செலவும் குறைவில்லை.

கிள்ளான் தம்பி: நேரத்துக்கு மாற்றினால் வராது. சோம்பேறித்தனத்துக்குக் கதீட்டரா?

பாயான் பாரு அக்கா: சண்டை வேண்டாம். தனியாளாக இரவெல்லாம் விழித்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். தம்பி, பேக் மூத்திரப்பைக்குக் கீழேயே இருக்கட்டும், கட்டில் சட்டத்தில் மாட்டுங்கள். பாதிக்கு மேல் நிறைய விடாதீர்கள், எடை கதீட்டரை இழுக்கும். குழாயைத் தொடையில் பட்டி போட்டு நிறுத்தி, கொஞ்சம் தளர்வு விடுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, கழுவி, தோலைப் பார்த்துப் புதியது மாட்டுங்கள்.

செந்தூல் மகன்: 29 சரியாக வந்தது. இரவு கழலவில்லை. பசை இருந்த இடத்தில் லேசாகச் சிவந்திருக்கிறது. நன்றி அக்கா.

பாயான் பாரு அக்கா: அப்படியானால் இன்று மாட்டாதீர்கள், டயப்பரில் இருக்கட்டும். பெட்டியில் லேட்டக்ஸ் என்றிருந்தால் சிலிக்கானுக்கு மாறுங்கள். சிவப்பு அடங்காவிட்டாலோ கொப்பளம், வீக்கம் வந்தாலோ கிளினிக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினால் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜாலான் ஈப்போ வாசி: தம்பி, 29 எந்த ஃபார்மசியில் கிடைத்தது? எங்கள் பக்கம் பெரிய சைஸ்தான் வைத்திருக்கிறார்கள்.