புதுப்பிப்பு: ஒசாகாவில் ஒரு நாள், சாப்பாடும் சமையல் கத்தியும்

ஒசாகாவில் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த டோட்டன்போரி பக்கம் ஒரே நாளில் எங்கே சாப்பிடலாம், நல்ல சமையல் கத்தி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "கடைகளைப் பகலிலேயே முடித்துவிடுங்கள், டோட்டன்போரி இரவுக்கு" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

காலையில் குரோமோன் சந்தை, அப்புறம் அங்கிருந்து நடந்தே டோகுயாசுஜி, தெரு முழுக்கச் சமையல் சாமான் கடைகள். கடைக்காரர் நாலைந்து கத்திகளைக் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார், நான் எடுத்த கத்தியின் அலகில் என் பெயரைப் பொறித்தும் தந்தார். வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரிச் சலுகைக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. ஊர் திரும்பும்போது கத்தியைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

எதிர்பாராதது தகோயாகி, அதாவது உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட மாவு உருண்டை. மேலே தூவிய மீன் சீவல் ஆவியில் நெளிவதை ரசித்துக்கொண்டே முழுசாக வாயில் போட்டேன், உள்ளே மாவு கொதிக்கிறது, நாக்கு வெந்துவிட்டது. குச்சியால் பிளந்து ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.