புள்ளி மட்டும் காணாமற்போகிறது: தமிழும் மலையாளமும் சேர்ந்த தளத்தில் ஒரு சிக்கல்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை நிரலர்

வணக்கம் நண்பர்களே. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கும் பண்ணைகளுக்கும் வலைத்தளம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு தென்னை நாற்றுப் பண்ணையின் தளம். வாங்குபவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கத்தவர், மீதிப் பேர் நெம்மாறை, ஆலத்தூர்ப் பக்கத்தவர் என்பதால், ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்பது பண்ணைக்காரரின் நிபந்தனை. மொழி மாற்றும் பொத்தான் வைத்தால் அதைத் தேடி அழுத்த யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஆயத்த வார்ப்புரு ஒன்றை எடுத்துத் தொடங்கினேன். ஆங்கில மாதிரி உரை இருந்தவரை பக்கம் பார்க்க நன்றாக இருந்தது. தமிழை ஏற்றியதும் பெரிய தலைப்பில் 'தென்னம்பிள்ளை' என்பது 'தெனனமபிளளை' ஆகிவிட்டது. என் விண்டோஸ் மடிக்கணினியில் புள்ளிகள் பாதியாவது தெரிகின்றன. பண்ணைக்காரரின் ஆண்டிராய்டு கைப்பேசியில் முழுவதுமாகச் சீவப்பட்டுவிடுகின்றன.

அதைவிட வியப்பான இன்னொன்று: முகவரிப் படிவத்தில் ஒருவர் 'கொழிஞ்சாம்பாறை அஞ்சல்' என்று நிரப்பியிருக்கிறார், ஆனால் பொதியில் ஒட்டும் சீட்டில் 'கொழிஞ்சாம்பாறை அஞ்சல' என்று கடைசிப் புள்ளி இல்லாமல் அச்சாகியிருக்கிறது. தலைப்பில் வெட்டுகிற அதே சிஎஸ்எஸ் (தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) இங்கேயும் வெட்டுகிறதோ என்று இரண்டு நாள் தேடினேன். படிவத்தில் அப்படி எதுவும் இல்லை.

மலையாளத்தில் கதை தலைகீழ். அங்கே இல்லாத சந்திரக்கலை, அதாவது நம் புள்ளி போன்ற குறி, எங்கிருந்தோ வந்து உட்காருகிறது. 'தெங்ஙின் தை' (தென்னையின் நாற்று) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தெங்ஙினு தை' என்று படிக்கும்படி ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகளில்தான் இந்தக் கோளாறு, நான் புதிதாகத் தட்டச்சிட்டவை சரியாகவே தெரிகின்றன. மலையாளத்துக்கு மஞ்சரி எழுத்துருவை, வேண்டிய குறிகளை மட்டும் வைத்துச் சுருக்கி ஏற்றியிருக்கிறேன். தமிழுக்கு எதுவும் ஏற்றவில்லை, கருவியில் இருப்பதையே பயன்படுத்துகிறேன். மூன்றுக்கும் ஒரே காரணமா?

மறுமொழி 1: அச்சுக்கூடத்துக்காரர்

தம்பி, காரணம் ஒன்றல்ல, மூன்று. ஒன்றாகத் தெரிவதால்தான் இரண்டு நாள் போயிருக்கிறது.

தலைப்பை முதலில் பார்ப்போம். ஆயத்தத் தொகுப்புகள் பலவற்றில் பெரிய தலைப்புகளுக்கு லைன்-ஹைட் 1 என்று வைத்திருப்பார்கள். எண் கொடுத்துவிட்டால், வரியின் உயரத்தைக் கணக்கிடும்போது எழுத்துருவுக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்று உலாவி கேட்பதே இல்லை. எழுத்தளவை அந்த எண்ணால் பெருக்கிப் பெட்டியை அடைத்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அந்த உயரம் தாராளம். தமிழில் மேலே புள்ளியும் விலங்கும் (இகர, ஈகரக் குறியின் வளைவு), கீழே 'ழு', 'பு' போன்றவற்றின் வாலும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே நீட்டுவதால் மட்டும் குற்றமில்லை. நீண்ட தலைப்பை மூன்று புள்ளி வைத்து முடிப்பதற்காக ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளியே போவதை மறை) என்று எங்கோ எழுதியிருப்பார்கள், அதுதான் கத்தி. மடிக்கணினியில் நிர்மலா யூஐ, கைப்பேசியில் நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டிலும் புள்ளி நிற்கும் உயரம் வேறு வேறு என்பதால் வெட்டும் வேறு வேறாகத் தெரிகிறது.

தமிழ்த் தலைப்புக்கு 1.35 அளவில் வையுங்கள், உடல் உரைக்கு 1.7. வெட்டாமல் முடியாது என்ற இடத்தில் மேலே எழுத்தளவில் 0.2 பங்கு (0.2 எம்) பேடிங், அதாவது உள் இடைவெளி கொடுத்து, அதே அளவு எதிர்ம மார்ஜினால் (வெளி இடைவெளி) இடத்தைச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். ஓவர்ஃப்ளோ வெட்டுவது பேடிங்கின் வெளி ஓரத்தில் என்பதால் புள்ளி தப்பிவிடும். ஆனால் இத்தனை வரிதான் என்று கட்டுப்படுத்தும் லைன்-கிளாம்ப் வைத்த இடத்தில் கீழே பேடிங் கொடுத்துவிடாதீர்கள், மறைய வேண்டிய அடுத்த வரியின் தலை அங்கே எட்டிப்பார்க்கும். லெட்டர்-ஸ்பேசிங்கில் எதிர்ம எண் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஆங்கிலத் தலைப்பை இறுக்கிக் காட்டுகிற அந்த வித்தை, தமிழில் ஒரு எழுத்தின் புள்ளியைப் பக்கத்து எழுத்தின் விலங்கோடு மோத வைக்கும்.

ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமலே சுவடி எழுதினார்கள் என்பார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துச் சேர்த்துப் படித்தார். நாற்று வாங்க வருகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இவற்றையெல்லாம் மொழிவாரியாக எழுத வேண்டுமானால் முதலில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பு சரியாக இருக்க வேண்டும். வார்ப்புருவின் தலையில் ஆங்கிலம் என்றே இன்னும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். தமிழ்ப் பகுதிக்குத் தமிழ், மலையாளப் பகுதிக்கு மலையாளம் என்று குறித்துவிட்டால், லாங் தேர்வியைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனி உயரம் தரலாம். திரைபடிப்பானும் எந்தக் குரலில் படிப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறது.

மறுமொழி 2: களியக்காவிளை வலைஞர்

தலைப்பைப் பற்றி மேலே அண்ணன் சொல்லிவிட்டார். 'அஞ்சல்' சிக்கல் எனக்குப் பழக்கமானது. உங்கள் படிவத்தில் அந்தப் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் (நீள வரம்பு) 20 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக் காட்டுகிறேன். கொழிஞ்சாம்பாறை என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து: கொ, ழி, ஞ், சா, ம், பா, றை. உலாவிக்கு அது 14, ஏனென்றால் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. இடைவெளியோடு 15. 'அஞ்சல்' என்பதில் அகரம், ஞகரம், புள்ளி, சகரம், லகரம் என 20 நிறைந்துவிட, 21-ஆவதாக வருகிற கடைசிப் புள்ளிக்கு இடமில்லை. உங்கள் ஊர்ப் பெயரும் அந்த வரம்பும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிராவிட்டால் முழு எழுத்தே போயிருக்கும், நீங்களும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள்.

வரம்பை எடுத்துவிடுவதே நல்லது. கட்டாயம் தேவையென்றால் ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டரைக் கொண்டு, மனிதர் எண்ணுகிறபடி எழுத்தை எண்ணுங்கள். குரோமிலும் சஃபாரியிலும் முன்பே இருந்தது, 2024-இல் ஃபயர்ஃபாக்ஸ் 125-லும் வந்துவிட்டதால் தயங்க வேண்டியதில்லை. ஒரு சிறு விலக்கு: 'க்ஷ' என்பதை அது 'க்', 'ஷ' என இரண்டாகவே எண்ணும்.

சீட்டு அச்சிடும் மென்பொருளையும் ஒரு முறை சோதியுங்கள். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக உங்கள் ஊர்ப் பெயர் மட்டுமே 42 பைட். அந்த மென்பொருள் பைட்டை எண்ணி வெட்டுமானால், புள்ளி போவதோடு நிற்காது. குறியின் நடுவில் வெட்டி, கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மலையாளத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் ஒரு மொழி என்பதால் இதிலும் அடிபட்டிருக்கிறேன். 2008-இல் யூனிகோடு 5.1 வரும்வரை, சில்லு எழுத்துக்கு, அதாவது சந்திரக்கலை இல்லாமலே மெய்யாக ஒலிக்கும் மலையாள எழுத்துக்கு, தனி இடம் கிடையாது. நகரம், சந்திரக்கலை, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் ஜாய்னர் என்று மூன்றையும் சேர்த்தே 'ன்' சில்லை எழுதினார்கள். இப்போது தனிக்குறி இருக்கிறது. நீங்கள் புதிதாகத் தட்டச்சிட்டது அது. விலைப்பட்டியலில் இருப்பது பழைய முறை. எழுத்துருவைச் சுருக்கும்போது மலையாளத் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஜாய்னரை விட்டிருப்பீர்கள். அது போனதும், அதை நம்பியிருந்த கூட்டெழுத்து விதியும் கோப்பிலிருந்து நீங்கிவிடும். மிஞ்சுவது நகரமும் சந்திரக்கலையும், அதாவது 'தென்னையின்' என்பது 'தென்னைக்கு' என்று மாறிவிடுகிறது. தனிக்குறி வேண்டும் என்று வாதிட்டவர்கள் காட்டிய எடுத்துக்காட்டும் ஏறக்குறைய இதுதான்: 'அவன்' என்பதும் 'அவனுக்கு' என்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை நம்பி நிற்கலாமா என்று கேட்டார்கள்.

எழுத்துருவைச் சுருக்கும் பைஎஃப்டிசப்செட் கருவியில் லேஅவுட்-ஃபீச்சர்ஸ் விருப்பத்துக்கு உடுக்குறி கொடுத்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறிப் பட்டியலில் மொழித் தொகுதியோடு ஜாய்னர், நான்-ஜாய்னர், புள்ளிவட்டம், ரூபாய்க் குறி ஆகியவற்றையும் சேருங்கள்.

இன்னொன்று. தேடல் பெட்டி வைத்திருந்தால், 'கொ' என்பதைக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகத் தருகிற பழைய மாற்றிகள் உண்டு. நார்மலைஸ் செயற்கூற்றில் என்எஃப்சி கொடுத்தால் அது ஒன்றாகிவிடும். சில்லு அப்படி ஒன்றாகாது, பழையதைப் புதியதாக நீங்களே மாற்றி எழுத வேண்டும். அந்த ஐந்தாறு வரி நிரலை எழுதாததால், சரக்கு இருந்தும் 'இல்லை' என்று காட்டிய கடைத்தளம் ஒன்றை நானே கட்டியிருக்கிறேன்.

மறுமொழி 3: இன்னொரு சித்தூர்

நானும் சித்தூர்க்காரன்தான், ஆனால் ஆந்திரத்துச் சித்தூர். எங்களுக்குப் பக்கத்தில் நிற்பது தெலுங்கு; ஒத்துகள் (கூட்டெழுத்தில் இரண்டாவதாக வரும் மெய்யின் வடிவம்) எழுத்துக்கு அடியில் தொங்குவதால் கீழே இன்னும் இடம் கேட்கும். தமிழுக்கு 1.7 என்றால் தெலுங்குக்கு 1.8-இலிருந்து தொடங்குவது என் வழக்கம். மலையாளத்தில் பழைய லிபி எழுத்துரு எடுத்தாலும் இதே கணக்குத்தான்.

தமிழைக் கருவியின் எழுத்துருவுக்கு விட்டுவிட்டு மலையாளத்துக்கு மட்டும் ஏற்றியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆப்பிள் கருவியில் தமிழ் சங்கம் எம்என் வந்து நிற்கும், பழைய விண்டோஸில் லதா வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அகலம் வேறு. தலைப்புகளுக்கு ஏக் டைப் வெளியிட்ட பலூ எழுத்துருக் குடும்பத்தைப் பாருங்கள். தமிழுக்கு பலூ தம்பி, மலையாளத்துக்கு பலூ சேட்டன், எங்களுக்கு பலூ தம்முடு. பெயரில் மட்டுமல்ல, கோட்டின் தடிமனிலும் அவை உடன்பிறப்புகள்தான். அருகருகே வைத்தால் ஒன்று கனத்தும் ஒன்று மெலிந்தும் தெரியாது. உடல் உரைக்கு அவற்றை நான் எடுக்க மாட்டேன், நாலு வரிக்கு மேல் போனால் திருவிழாப் பந்தலுக்குள் நிற்பது போலிருக்கும். அங்கே மஞ்சரியோடு முக்த மலர் போன்ற ஒன்றை வைத்து, ஃபான்ட்-ஃபேஸ் விதியில் சைஸ்-அட்ஜஸ்ட்டைக் கொண்டு ஒன்றைச் சற்றுச் சுருக்கிக் கண்ணுக்குச் சமமாக்கலாம்.

கோப்புகளை உங்கள் சொந்த வழங்கியிலேயே வையுங்கள். பொது இடத்திலிருந்து இழுத்தால் வேறு தளம் பார்த்தபோது இறங்கியது இங்கேயும் பயன்படும் என்று முன்பு சொல்வோம். 2020-இல் குரோம் 86 தற்காலிகச் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்ததிலிருந்து அந்த ஆதாயமும் இல்லை.

பொத்தானையும் கவனியுங்கள். மலையாளத்தில் 'புக் செய்யுக' என்று முடிந்துவிடும், தமிழில் 'முன்பதிவு செய்யுங்கள்' என்று நீளும். அகலத்தைப் பிக்சலில் கட்டாமல் பேடிங்கை மட்டும் கொடுங்கள். குறுகிய திரையில் நீண்ட சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால், பிரேக்-ஆல் போட்டுக் கண்ட இடத்தில் உடைக்காமல், தக்க இடத்தில் மென்கோட்டை (சொல் உடையும்போது மட்டும் தெரியும் கோடு) நீங்களே இடுங்கள். உடைந்த இடத்தில் கோடு தெரிவது தமிழ் அச்சு வழக்கமல்ல. ஹைஃபனேட்-கேரக்டருக்கு வெற்றுச் சரம் கொடுத்தால் நாளிதழில் போலக் கோடில்லாமல் அடுத்த வரிக்குப் போகும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வார்ப்புருவின் தலையில் ஆங்கிலம் என்றே இருந்தது. அண்ணன் பந்தயம் கட்டியிருந்தால் வென்றிருப்பார். மேக்ஸ்லெங்த் சரியாக 20. இரண்டையும் திருத்திவிட்டேன். நேற்று போன சீட்டில் 'அஞ்சல்' புள்ளியோடு அச்சானது. மஞ்சரியை மறுபடி சுருக்கினேன், தெங்ஙின் தை பழையபடி தெங்ஙின் தை ஆயிற்று. கோப்பு சற்றுப் பெருத்தது, பரவாயில்லை. உடல் உரையில் மஞ்சரியை 94 விழுக்காடாக்கியபோது முக்த மலரோடு ஒட்டி நின்றது. தலைப்புக்கு பலூ தம்பியும் சேட்டனும் வந்துவிட்டார்கள்.

பண்ணைக்காரரிடம் காட்டினேன். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'சாவக்காட்டுக் குட்டை' என்ற தென்னை ரகத்தின் விலையில் விரலை வைத்து, எண்கள் தடிமனாகவும் ரூபாய்க் குறி மட்டும் ஒல்லியாகவும் இருப்பது ஏன் என்று கேட்டார்.

களியக்காவிளை வலைஞர்

மலையாளக் கோப்புக்குச் சேர்த்த பட்டியலைத் தமிழ்க் கோப்புக்குச் சேர்க்க மறந்திருப்பீர்கள். ரூபாய்க் குறி அதில் இல்லாததால், உலாவி கருவியின் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி வைக்கிறது. அந்த ஒரு குறியைச் சேர்த்துத் தமிழை மறுபடி சுருக்குங்கள்.