ஞாயிறு மாலை 40 நிமிடம், ஒரு வாரத்துக்குக் காப்பி

காலை 7.10 பேருந்தைப் பிடிக்கிற ஆள் நான். வீட்டிலேயே காப்பிக் கொட்டை வறுக்கிறேன் என்று சொன்னால், "உனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஞாயிறு மாலை 40 நிமிடம். அதற்குள் முடிகிற மாதிரி ஒரு வழி பிடிபடத்தான் ஆறு மாதம் ஆனது.

எங்களுக்குச் சேலம். அராபிகா பச்சைக் கொட்டை ஏற்காட்டிலிருந்தே வாங்கிவிடுவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். ஏற்காடு போகும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன். ரொபஸ்டா மட்டும் தெரிந்தவர் மூலம் வயநாட்டிலிருந்து வரும். அராபிகாவில் மணம், ரொபஸ்டாவில் கெட்டித்தன்மை. பால் காப்பிக்கு இரண்டும் வேண்டும்.

ஆரம்பத்தில், நேரம் மிச்சமாகும் என்று இரண்டையும் பச்சையாகவே கலந்து ஒரே வாணலியில் போட்டேன். அராபிகா வெடித்து முடிந்த பிறகும் ரொபஸ்டா இளம்பழுப்பாகவே நின்றது. அதற்காகக் காத்திருந்ததில் அராபிகா எண்ணெய் கக்கிக் கருகிவிட்டது. டிகாக்‌ஷனில் மேலே புகை வாசம், அடியில் பச்சைக் கடலை ருசி. அரைக் கிலோ கொட்டை வீண்.

அந்தப் பொங்கலுக்கு அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். அவருடைய பிறந்த வீட்டில், கைப்பிடி போட்ட இரும்பு உருளையைக் கரி அடுப்பின் மேல் சுற்றித்தான் வறுப்பார்களாம். நான் வாணலியையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "நிறத்தையே பாத்துட்டு நிக்காத கண்ணு. காதைக் குடு, அதுவே சொல்லும்" என்றார். சரி என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பத்தாவது நிமிடம் போல, சோளம் பொரிகிற மாதிரி பட் பட்டென்று சத்தம். அது ஓய்ந்து அரை நிமிடத்தில் அடுப்பை அணைக்கச் சொன்னார். ரொபஸ்டாவைத் தனியாகப் போட்டபோது சத்தம் மங்கலாக வந்தது, இரண்டு நிமிடம் தள்ளியும் வந்தது. ஒன்றாகப் போட்டால் ஏன் கெட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வறுத்ததும் அவர் முறத்தைக் கேட்டார். வாணலிச் சூட்டிலேயே விட்டால் கொட்டை உள்ளே வெந்துகொண்டே போகும். வாசலில் நின்று நாலு முறை புடைத்தார். மெல்லிய தோலெல்லாம் பறந்தது, கொட்டையும் ஆறியது. நான் அதுவரை சல்லடை, ஃபேன் என்று பத்து நிமிடம் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அராபிகா 140 கிராம், ரொபஸ்டா 60 கிராம். கனமான இரும்பு வாணலி, மிதமான தீ, கை நிற்காமல் கிளற வேண்டும். தனித்தனியாக வறுத்து, ஆறிய பிறகுதான் கலக்கிறேன். 200 கிராம் பச்சைக் கொட்டை, ஈரம் போய் ஏறக்குறைய 170 கிராமாக நிற்கும். இரண்டு பேருக்கு ஒரு வாரம் வரும். சிக்கரியைக் கொட்டையோடு சேர்ப்பதில்லை. அரைத்த பிறகு ஆறு பங்கு பொடிக்கு ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் டிகாக்‌ஷன் கறுப்பாக இருக்கும், காப்பி மணம் இருக்காது.

ஒரு விஷயம் மறக்கக்கூடாது. வறுத்த அன்று இரவே அரைத்து ஃபில்டரில் போட்டுப் பார்த்தேன். பொடி நுரைத்துப் பொங்கி நின்றது, தண்ணீர் சரியாக இறங்கவே இல்லை. புதிதாக வறுத்த கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேற ஒரு நாளாவது வேண்டும். அதனால் திங்கள் காலைக்குப் பழைய பொடி, செவ்வாய் முதல் புதுசு. மிக்ஸியில் இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும், விட்டு விட்டு ஓட்டி அரைத்துக்கொள்கிறேன்.

சென்னையில் இருக்கும் என் தங்கைக்கும் ஆசை வந்துவிட்டது. அவள் வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். அதில் வறுத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், சூட்டை எத்தனையில் வைக்கிறீர்கள், சத்தம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று சொல்லுங்கள். அவளுக்கு அனுப்ப 200 கிராம் எடுத்து வைத்திருக்கிறேன்.