அந்துப்பூச்சி ஆர்க்கிட்: இலை துவண்டு கிடக்கிறது, தண்ணீர் கூட்டவா குறைக்கவா?

கேள்வி

வணக்கம். ஐந்து மாதம் முன்பு ஒரு அந்துப்பூச்சி ஆர்க்கிட் பரிசாக வந்தது. வெள்ளைப் பூ, இரண்டரை மாதம் வாடாமல் நின்றது, அந்த அழகிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். எனக்குச் செடி வளர்த்துப் பழக்கம் கிடையாது. வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டேன். பூவெல்லாம் உதிர்ந்தபிறகு இலை தளர்ந்து, தோல் சுருங்கின மாதிரி கோடு கோடாக ஆகிவிட்டது. தண்ணீர் பத்தவில்லை போல என்று வாரம் மூன்று முறை விட ஆரம்பித்தேன், அதிலிருந்து இன்னும் மோசம். போன வாரம் அடி இலை ஒன்று மஞ்சளாகி விழுந்துவிட்டது.

செடி இருப்பது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியில், அதை ஒரு பீங்கான் தொட்டிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு வேர் தொட்டிக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை வெட்டலாமா? தொட்டி மாற்ற வேண்டுமா, எந்த மண் போடுவது? இதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும்.

பதில் 1

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை துவண்டால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் இந்தச் செடியில் வேர் காய்ந்தாலும் இலை துவளும், வேர் அழுகினாலும் துவளும். அழுகின வேரால் உறிஞ்ச முடியாது, தொட்டியில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தாலும் மேலே ஒரு சொட்டுப் போய்ச் சேராது. தண்ணீரைக் கூட்டியும் மோசமாகிறது என்றால் பெரும்பாலும் வேர் அழுகல்தான். பீங்கான் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, இப்போதே தூக்கிப் பாருங்கள்.

இது தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற இனம். புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சாது, இருக்க இடம் மட்டும் எடுத்துக்கொள்ளும். வேர் காற்றில் தொங்கும், மழையில் நனையும், மழை விட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடும். வேரைச் சுற்றி வெலமென் என்று பஞ்சு போன்ற ஒரு உறை இருக்கிறது, அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல உள்ளே கொடுக்கும். காய்ந்த வேர் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் பட்ட சில நிமிடத்தில் பச்சையாக மாறும், ஏனென்றால் உறை நனைந்ததும் உள்ளே இருக்கிற பச்சையம் வெளியே தெரியும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிறம் மாறுவதைப் பாருங்கள், அப்புறம் எப்போது தண்ணீர் விடுவது என்று யாரையும் கேட்க மாட்டீர்கள். தொட்டிக்குள் தெரிகிற வேர் பச்சையாக இருந்தால் விட வேண்டாம், எல்லாம் சாம்பலாகி, தொட்டியும் கையில் இலேசாக இருந்தால் விடுங்கள். சில இடத்தில் அது ஐந்து நாள், சில இடத்தில் பன்னிரண்டு நாள். வெயில், காற்று, தொட்டிக்குள் போட்டிருப்பது எல்லாம் சேர்ந்துதான் நாளைத் தீர்மானிக்கும், கிழமை பார்த்து ஊற்றாதீர்கள்.

விடும்போது நன்றாக விடுங்கள். உள் தொட்டியை மட்டும் எடுத்து, பாதி உயரம் முங்கும்படி தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, தூக்கி, சொட்டுவது நின்றபிறகு பீங்கானுக்குள் வையுங்கள். காலையில் செய்தால் நல்லது. குருத்தில், அதாவது இலைகள் சேருகிற நடுக்குழியில், தண்ணீர் தங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வேர் போனால்கூட மீட்டுவிடலாம், குருத்து அழுகினால் அநேகமாக அவ்வளவுதான், இந்தச் செடிக்கு வளர்கிற முனை அது ஒன்றுதான்.

வெளியே நீட்டுகிற வேரை வெட்டாதீர்கள். அது நோயில்லை, அதன் இயல்பு. உங்கள் செடியை இப்போது காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த இரண்டு வேராகக்கூட இருக்கலாம்.

பதில் 2

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். தொட்டிக்குள் இருப்பது மரப்பட்டையா, பாசியா? வெளிப்பக்கம் பட்டை தெரிந்தாலும் நம்ப வேண்டாம். நாற்றாக இருக்கும்போது ஸ்பேக்னம் பாசியில் வளர்த்துவிட்டு, அந்தப் பாசி உருண்டையோடேயே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் பட்டை போட்டு நிரப்புவது வழக்கம். ஓரத்தில் பட்டை காய்ந்திருக்கும், நடுவில் உருண்டை வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். என் முதல் செடி அப்படித்தான் செத்தது. ஓரத்து வேர் சாம்பலானதைப் பார்த்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன், கழற்றிப் பார்த்தால் நடுத்தண்டு முழுக்கக் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. அதனால் ஒரு மூங்கில் குச்சியை நடுப்பக்கமாக மெதுவாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள்.

பூ முடிந்துவிட்டது அல்லவா, தொட்டி மாற்ற இதுதான் சமயம். காத்திருக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

கேட்டவர்

பீங்கானின் அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நின்றது. இத்தனை நாள் அதற்குள்தான் வைத்திருந்தேன், பார்த்ததும் மனசே கேட்கவில்லை. இன்று காலை கழற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன பாசி உருண்டை அப்படியே இருந்தது, பிழிந்தால் தண்ணீர் வந்தது, புளித்த வாடை. மொத்தம் பதினான்கு வேர் எண்ணினேன். சிலது பழுப்பாக இருக்கிறது, பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே மெல்லிய கம்பி மாதிரி ஒரு நார் மிச்சம் நிற்கிறது. இது செத்ததுதானே? மஞ்சள் நிறத்தில் ஆனால் கெட்டியாக இரண்டு வேர் இருக்கிறது, அதையும் எடுக்கவா?

பதில் 1

தோல் கழன்று நார் நின்றால் செத்த வேர், எடுத்துவிடலாம். மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள், வெளிச்சம் படாமல் உள்ளே கிடந்த வேர் அந்த நிறத்தில் இருக்கும். நிறத்தைவிட விரலை நம்புங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பது உயிரோடு இருக்கிறது, அமுங்கித் தண்ணீர் கசிந்தால் அழுகல், உள்ளே ஒன்றுமில்லாமல் தட்டையாகப் போனால் காய்ந்தது.

கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, கெட்டியான பாகம் வரும்வரை வெட்டுங்கள். நடுவில் இருக்கிற பாசியை முழுக்க எடுத்துவிடுங்கள், பொறுமையாகத் தண்ணீரில் ஆட்டி ஆட்டி எடுத்தால் நல்ல வேர் உடையாது. வெட்டின இடத்தில் சமையலுக்குப் போடுகிற இலவங்கப்பட்டைத் தூள் தடவச் சொல்வார்கள், அது வேரை உலர்த்திவிடும், ஏற்கெனவே வேர் குறைவான செடிக்கு வேண்டாம் என்பேன்.

மண் மட்டும் போடவே கூடாது. மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. பைன் மரப்பட்டைத் துண்டு, நகம் அளவுக்குப் பெரிதாக, அதோடு கொஞ்சம் கரித்துண்டு போதும். பட்டையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த பட்டையில் முதல் சில தடவை தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடிவிடும். எத்தனை வேர் மிஞ்சினது?

கேட்டவர்

ஐந்து. மேலே நீட்டியிருந்த இரண்டையும் சேர்த்து.

பதில் 1

ஐந்து போதும், தேறிவிடும். பழைய தொட்டியில் திரும்ப வைக்காதீர்கள், அந்த ஐந்து வேர் நெருக்கமாக அடங்குகிற சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடமெல்லாம் ஈரமாகவே கிடக்கும், மறுபடி அதே கதை. இலை தொடங்குகிற இடம் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும், தண்டைப் புதைக்காதீர்கள். வெளியே இருந்த வேரை வற்புறுத்தி உள்ளே தள்ள வேண்டாம், காற்றில் பழகின வேர் திடீரென்று ஈரத்துக்குள் போனால் அழுகும் வாய்ப்பு அதிகம். செடி ஆடினால் வேர் பிடிக்காது, குச்சி வைத்துக் கட்டுங்கள். வெட்டின காயம் ஆற நாலைந்து நாள் தண்ணீர் விடாமல், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். புது வேர் வருகிறவரை உரம் வேண்டாம்.

பட்டை இரண்டு வருடத்துக்குள் மக்கித் தூளாகிவிடும், அப்போது மாற்றுங்கள். நனைந்த மண் மாதிரி வாடை வந்தால் அதற்கு முன்பே மாற்றலாம்.

பதில் 3

ஐஸ் கட்டி வைத்தால் போதும், அளவாக இறங்கும் என்று பலர் சொல்கிறார்களே, அது நல்லதா?

பதில் 2

அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட், ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் ஆய்வு 2017ல் வந்தது, வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்த செடிகளிலும் பூ சாதாரணத் தண்ணீர் விட்ட செடிகளுக்குச் சமமான காலம் நின்றது. ஆனால் அது பட்டையில் வைத்த, வேர் நன்றாக இருந்த செடிகள். கட்டி வேர்மேலும் இலைமேலும் படாமல் பட்டைமேல் வைக்க வேண்டும். எனக்கு முக்கி எடுப்பதுதான் பிடிக்கும், தண்ணீர் ஓடும்போது சேர்ந்த உப்பும் கழுவிக்கொண்டு போய்விடும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது பாருங்கள், அதுதான் அந்த உப்பு. மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

கேட்டவர்

ஏழு வாரம் ஆகிறது. கீழ் இலைக்கும் தண்டுக்கும் நடுவில் பச்சையாக ஒரு முனை முட்டிக்கொண்டு வருகிறது, அரை விரற்கடை இருக்கும். வேரா, பூந்தண்டா? இலைச்சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது, அது ஒன்றுதான் கவலை.

பதில் 1

முனை உருண்டையாக, வழவழவென்று பளபளப்பாக இருந்தால் வேர். கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் மடிப்பு விழுந்து செதில் மூடின மாதிரி இருந்தால் பூந்தண்டு. இப்போது வேராக இருந்தால்தான் சந்தோஷம். பூந்தண்டாக இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள், ஐந்து வேரோடு பூ சுமந்தால் செடி இளைத்துவிடும். இரவில் குளிர்ச்சி கிடைக்கிற காலம் வரும்போது திரும்பத் தண்டு விடும்.

பழைய இலையில் விழுந்த சுருக்கம் முழுக்கப் போகாது, அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். குருத்திலிருந்து அடுத்து வருகிற இலை விறைப்பாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்டவர்

உருண்டைதான், பளபளப்பாக இருக்கிறது. வேர்!